அண்மையில் நீங்கள் பார்த்த படங்கள் எவை? பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்?

கேள்விக்குக் கீழே ஒரு குறிப்பும் போட்டிருக்கிறீர்கள்: "பழைய, மெதுவான படங்களைச் சொல்லி அறுக்காதீர்கள், புதுப்படம் மட்டும்." அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அது இல்லாவிட்டால் மற்றவர்களின் பதில்களை வாசித்துவிட்டுப் போயிருப்பேன்.

நீங்கள் அநேகமாகச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் வந்த படத்தை மத்தியானம் பார்த்து, பொழுதுபடுவதற்குள் மதிப்பெண்ணும் போட்டுவிட உங்களால் முடியும். நான் மட்டக்களப்பு, அமிர்தகழி. பெரிய நடிகரின் படமென்றால் எங்கள் தியேட்டரிலும் அன்றைக்கே ஓடும், அதில் குறையில்லை. சின்னப் படங்கள்தான் வராது. வந்தாலும் நாங்கள் கந்தோர் (அலுவலகம்) முடிந்து கிளம்புவதற்குள் எடுத்துவிடுவார்கள். அதனால் நானாகத் தேடிப் பிடித்து முதல்தடவை பார்க்கிற படம் எனக்குப் புதுப்படம். அது எந்த வருசத்தில் எடுத்தது என்பது எனக்குப் பெரிய விசயமில்லை.

சரி, உங்கள் கணக்குப்படியே புதுசிலிருந்து வருகிறேன்.

லப்பர் பந்து, 8. தம்பியும் அவனுடைய கழகத்துப் பொடியன்களும் எங்கள் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தார்கள், நானும் கூட இருந்தேன். மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி நடக்கிற ஊர்க்காரருக்கு அந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை. அட்டகத்தி தினேஷ் மட்டையைத் தூக்கியதும் எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அண்ணன் ஞாபகம் வந்திருப்பார். மாமனார், மருமகன் வீம்பைக் கொஞ்சம் இழுத்துவிட்டார்கள், அதற்கு இரண்டு குறைத்தேன்.

மெய்யழகன், 8.5. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன ஒருவன், வருசக்கணக்காகத் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டு ஒரு கல்யாணத்துக்காக ஊர்ப்பக்கம் வருகிறான். இதற்கு மேல் கதையில்லை. 2024 செப்டெம்பரில் வெளியானபோது "நீளம், நீளம்" என்று எல்லாரும் சேர்ந்து கத்தி, ஓடிக்கொண்டிருந்த படத்திலேயே பதினெட்டு நிமிசத்தை வெட்ட வைத்தார்கள். அந்தக் கத்தலில் உங்களைப்போல் "மெதுவான படம் வேண்டாம்" என்பவர்களுக்கும் பங்குண்டு. கோபப்படாதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். வீட்டை விட்டு எழும்பிப் போன ஆக்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அப்படிப்பட்டவன் திரும்பி வந்து வாசலில் நிற்பதைப் பார்க்க எனக்கு இன்னும் பதினெட்டு நிமிசம் கூட்டித் தந்திருந்தாலும் இருந்திருப்பேன்.

டூரிஸ்ட் ஃபேமிலி, 7. இதில்தான் சண்டைக்கு வருவீர்கள். பொருளாதார நெருக்கடி தாங்காமல் இலங்கையிலிருந்து படகில் போய்ச் சென்னையில் குடியேறும் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். அந்தச் சின்னப் பொடியன் வருகிற இடமெல்லாம் வீடே சிரித்தது. நல்ல மனதோடு எடுத்த படம், நான் மறுக்கவில்லை. ஆனால் 2022 எங்களுக்குக் கதையில்லை. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய காலம் அது. காஸ் சிலிண்டரை வரிசையில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்துவிட்டு வந்து, விறகடுப்பில் சமைத்தோம். மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்தன. படம் அதை அவசரமாகக் கடந்து போகிறது. இன்னொன்று, இந்தியப் படங்களில் இலங்கைத் தமிழர் என்றால் தெனாலி காலத்திலிருந்து யாழ்ப்பாணப் பேச்சின் சாயல் மட்டும்தான். கிழக்கில் ஒரு சனம் வேறுமாதிரிக் கதைக்கிறது என்று ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பிரதேசவாதம் என்று கீழே வந்து எழுதாதீர்கள். யாழ்ப்பாணத்தாரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை, என் மச்சாள்மார் இரண்டு பேர் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள்.

கொட்டுக்காளி, 9. பின்னணி இசையே இல்லை. காற்றும் ஆட்டோச் சத்தமும் சேவலும் மட்டும்தான். எங்கள் வட்ஸ்அப் குழுவில் "இது படமா?" என்று கேட்டார்கள். பேய் பிடித்தது என்று சொல்லி ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வார்த்தை வருவதே அரிது. இப்படி ஊரே ஒரு பொம்பிளைப் பிள்ளைக்காக முடிவெடுக்கிறதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது படம்தான்.

இனி நீங்கள் வேண்டாம் என்ற பழைய படம். வீடு, 1988. 10.

"ஊர்ப்பாசம்" என்று சொல்லப்போகிறீர்கள், அதற்கு முதலே பதில் சொல்லிவிடுகிறேன். ஓம், அந்தப் படத்தை எடுத்த பாலு மகேந்திரா எங்கள் அமிர்தகழியில் பிறந்தவர். மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிற அதே அமிர்தகழி. எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்காகப் பத்துப் போடுகிற ஆளில்லை நான். அவருடைய 'நீங்கள் கேட்டவை' படத்துக்கு 4தான் கொடுப்பேன். மூன்றாம் பிறையில் சில்க் ஸ்மிதா வருகிற பகுதிகளை எடுத்துவிட்டால் படம் இன்னும் நன்றாக இருக்கும் என்று எழுதி, இதே தளத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

வீடு படத்தைப் பார்க்காதவர்களுக்காக: வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். சுதா, அவளுடைய தங்கை, வயதுபோன தாத்தா. சொந்தமாக ஒரு வீடு கட்டிவிடலாம் என்று சுதா இறங்குகிறாள். கடன், லஞ்சம், சீமெந்தைக் களவாக விற்கிற கொன்ட்ராக்டர் என்று ஒவ்வொன்றாக வருகிறது. கடைசியில், வீடு எழும்பி நிற்கிற காணியே குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்ட காணி என்று வந்து சொல்கிறார்கள். பாட்டு ஒன்றும் கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டிலிருந்து எடுத்த இசை மட்டும். படத்துக்காகவே உண்மையில் ஒரு வீட்டைக் கட்டிக் கட்டி எடுத்தார்கள். சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சுதாவாக வந்த அர்ச்சனாவின் நடிப்புக்கும் தேசிய விருது கிடைத்தது. எனக்கு முக்கியமானது வேறு: சின்ன வயதில் தன் அம்மா வீடு கட்டத் தொடங்கிய பிறகு அவரிடம் கண்ட மாற்றம்தான் இந்தப் படத்துக்கு வித்து என்று பாலு மகேந்திராவே சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் சென்னையில் எடுத்த அந்தப் படத்துக்கு அத்திவாரம் போட்டது எங்கள் பக்கத்துத் தாய் ஒருத்தி.

நான் இதைத் தனியாகப் பார்க்கவில்லை. பின்வளவு மாமி, அவவுடைய இரண்டாவது மகள், பக்கத்துத் தெரு மேசன் அண்ணன், எங்கள் அம்மா, எல்லாரும் எங்கள் மண்டபத்தில் பாய் போட்டு இருந்து பார்த்தோம். மடிக்கணினியை டிவியில் மாட்டிவிட்டேன். யூடியூபில் இருக்கிற பிரதி மங்கல். இந்தப் படத்தின் மூல நெகட்டிவே அழிந்து போய்விட்டது, அந்த வருத்தத்தில்தான் தமிழ்ப் படங்களுக்கு ஒரு ஆவணக்காப்பகம் வேண்டும் என்று பாலு மகேந்திரா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே "தரமான பிரதியில் பார்க்க வேண்டியதுதானே" என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். இருப்பதைத்தான் பார்த்தோம்.

மாமியைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இருந்த வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு, அடுத்தவளுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குவார்கள் தாயும் தகப்பனும். இதைச் சீதனக் கொடுமை என்று எழுத வருபவர்களுக்கு: அந்த விவாதத்துக்கு வேறு கேள்வி போடுங்கள், வருகிறேன். கஷ்டம் இருக்கிறது. ஆனால் வீட்டு உறுதி (பத்திரம்) பெண்ணின் பெயரில் இருப்பதால், புருசனோடு சண்டை வந்தால் வெளியே போக வேண்டியவள் அவள் இல்லை. அதையும் சேர்த்து யோசியுங்கள்.

மாமி இரண்டாவது மகளுக்காக ஒரு வீட்டுத்திட்டத்தில் பெயர் பதிந்தா. கட்டம் கட்டமாகக் காசு வரும், நீங்களே கட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். இருந்த கொட்டிலைப் பிரித்து அந்த இடத்தில்தான் அத்திவாரம் போட்டா. முதல் காசு வந்தது, சுவர் எழும்பியது. அடுத்த காசு வரும் என்ற நம்பிக்கையில் நுண்கடன் எடுத்து லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு, யன்னலுக்கு மேலே விட்டம் போடுகிற உயரத்துக்குக் கொண்டுவந்தா. 2019 கடைசியில் ஆட்சி மாறியது, காசு நின்றது. கேட்டுப்போன இடத்தில் "இது போன ஆட்சியின் திட்டம்" என்றார்கள். சொன்னவர்களுக்கு அது ஒரு வசனம். மாமிக்கு அந்த வசனத்தின் விலை, ஒவ்வொரு கிழமையும் படலையில் வந்து நிற்கிற கடன்காரப் பொடியன். வட்டி கட்டி முடிவதற்குள் 2022 வந்தது. ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த 50 கிலோச் சீமெந்துப் பை இரண்டாயிரத்தையும் தாண்டிப் போனது. எங்கள் மாவட்டத்தில் ரோட்டால் போகிறபோது பாருங்கள், கூரையில்லாமல், யன்னல் ஓட்டைக்குள்ளால் ஆமணக்கு எட்டிப் பார்க்கிற சுவர்கள் எத்தனை நிற்கின்றன என்று. கட்சி, ஆட்சி எதுவானாலும் கையெழுத்துப் போட்டு ஒரு ஏழையின் கொட்டிலைப் பிரிக்க வைத்தால், அந்தக் கையெழுத்துக்கு அடுத்து வருகிறவனும் பொறுப்பு. நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் இதை வாசித்தால் வாசிக்கட்டும். சினிமாக் கேள்விக்குள் இது ஏன் என்று கேட்பவர்கள் வீடு படத்தை ஒருதடவை பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

படம் ஓடிக்கொண்டிருந்தபோது மேசன் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "கலவையப் பாருங்க, மணல்தான் கிடக்கு." கொன்ட்ராக்டர் களவெடுக்கிறான் என்று சுதாவிடம் சொல்லப்போகிற அந்த வேலைக்காரப் பெண், மங்கம்மா, அதைச் சொல்வதற்கு முதலே இவர் கண்டுபிடித்துவிட்டார். அவ கொன்ட்ராக்டரோடு வாய்ச்சண்டை பிடித்தபோது அண்ணன் பாயிலிருந்து எழும்பியே விட்டார். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் தனியாக வந்து, பூசாத சுவர்களைத் தடவித் தடவி ஒவ்வொரு அறையாகப் பார்க்கிற இடத்தில் ஒருவரும் பேசவில்லை. மாமி அந்த இடம் முழுக்கச் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தா.

முடிந்ததும் மாமி கேட்ட கேள்வி இது: "அந்தப் புள்ளைக்குக் காசு திருப்பிக் குடுத்தாங்களா?"

"வழக்குப் போட்டிருக்கா மாமி. தீர்ப்பு வரல்ல."

"அப்ப இன்னும் அலையிறா."

நான் எல்லாரிடமும் மதிப்பெண் கேட்டேன். உங்கள் கேள்விக்கு இதுதான் சரியான பதில் என்று நினைக்கிறேன், என்னுடைய பத்தைவிட. மேசன் அண்ணன் 9 கொடுத்தார், பெரும்பகுதி மங்கம்மாவுக்காக. மாமியின் மகள் 6, "இழுவை, கொஞ்சம் வெட்டியிருக்கலாம்" என்றாள். அவள் உங்கள் கட்சி, சந்தோசப்படுங்கள். அம்மா மதிப்பெண் போட மாட்டேன் என்று தேத்தண்ணி வைக்கப் போய்விட்டா. மாமி 7.

ஏன் ஏழு என்று விடாமல் கேட்டேன். "அந்தக் கிழவனச் சாக்காட்டாம உட்டிருக்கலாம், அதுக்கு ஒண்டு. வீட்ட முடிச்சுக் குடுத்திருக்கலாம், அதுக்கு ரெண்டு" என்றா. நான் விமர்சகர்கள் சொல்வதை எல்லாம் எடுத்துச் சொன்னேன். முடித்துக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும், அந்த முடிவுதான் படத்தின் பலம் என்றேன். மாமி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உண்மையப் பாக்க நான் என்னத்துக்குப் புள்ள உன்ட வீட்டுக்கு வரணும், எனக்குப் பின்வளவில கிடக்குதே" என்றா.

எனக்கு இன்னமும் 10தான், மாற்றவில்லை. ஆனால் இணையத்தில் அந்தப் படத்துக்கு விழுந்திருக்கிற எந்த மதிப்பெண்ணையும்விட மாமி போட்ட 7ஐ நான் மதிக்கிறேன். லிண்டல் மட்டத்தில் நிற்கிற சுவருக்குள் சமைக்கிற ஒருத்தி, மூன்று எதற்குக் குறைந்தது என்று விரல் விட்டுச் சொல்லியிருக்கிறா. நீங்களும் மதிப்பெண் போடும்போது எங்கே இருந்து, யாரோடு, எதில் பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ஓடுகிற பஸ்ஸில் போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துவிட்டு மெய்யழகனுக்கு 4 போட்டவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அது படத்துக்கு விழுந்த நாலா, பஸ்ஸுக்கு விழுந்த நாலா?

அடுத்ததாகப் பாலு மகேந்திராவின் சந்தியா ராகம் பார்க்க இருக்கிறோம், மாமியும் வருவதாகச் சொல்லியிருக்கிறா. அவருடைய தலைமுறைகள் படத்தின் நல்ல பிரதி முறையாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அதையும் பார்த்துவிட்டு இந்தப் பதிலிலேயே மதிப்பெண்களைச் சேர்க்கிறேன், மாமியுடையதையும் சேர்த்து.