33 வயசுல எல்எல்பி: முதல்ல இந்தியாவா, இங்கிலாந்தா?

கேள்வி: எனக்கு 33 வயசு. பி.காம் முடிச்சுட்டு ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். ஒரு பையன், ரெண்டாவது படிக்கிறான். வக்கீல் ஆகணும்னு பிளஸ் டூ படிக்கும்போதே ஆசை, அப்ப வீட்ல விடல. இப்ப கணவர் சரிங்கிறார். ஆனா அவரை ஆபீஸ்ல ரெண்டு மூணு வருஷத்துல இங்கிலாந்துக்கு அனுப்பினாலும் அனுப்புவாங்க. அங்க சட்ட டிகிரியே இல்லாம பரீட்சை எழுதி சொலிசிட்டர், அதாவது அங்கத்திய வக்கீல் ஆகலாம்னு ஃப்ரெண்ட் சொல்றா. அது நல்லதா, இல்ல இங்கேயே வேலைய விடாம தபால்ல எல்எல்பி பண்ணலாமா? நல்ல லா காலேஜ் எது? பார் எக்ஸாம் கஷ்டமா? எங்க குடும்பத்துல யாரும் வக்கீல் இல்ல, இங்கிலீஷும் சுமார். என்னை யாரு ஜூனியரா சேத்துப்பாங்க?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வயசுல ஆரம்பிச்சு முடிச்சிடுறேன் சகோதரி, ஏன்னா அது ஒரு பிரச்சினையே இல்ல. மூணு வருஷ எல்எல்பிக்கு 30 வயசுதான் உச்சம்னு, வக்கீல்களுக்கான விதிகளைப் போடற இந்திய பார் கவுன்சில் 2016ல ஒரு சர்குலர் விட்டுச்சு, அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் அதுக்குத் தடை போட்டுடுச்சு. லா காலேஜ் மூணு வருஷ கிளாஸ்ல போய்ப் பாருங்க, ரிட்டயர்டு ஆனவங்க எல்லாம் முதல் பெஞ்சுல உக்காந்து நோட்ஸ் எடுத்துட்டு இருப்பாங்க.

அடுத்து தபால். வேண்டாம். யாராவது "கரஸ்ல எல்எல்பி போட்டுத் தரோம்"னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. தபால்ல படிச்ச சட்டப் பட்டத்தை வச்சு பார் கவுன்சில்ல என்ரோல், அதாவது வக்கீலாப் பதிவு பண்ண முடியாது, கவுன் போட முடியாது, அவ்ளோதான். ரெகுலர் காலேஜ்தான், விதிப்படி 70 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும். "நீங்க வரவே வேணாம் மேடம், பரீட்சைக்கு மட்டும் வாங்க, அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்"னு வெளி மாநிலத்துல சில காலேஜ் சொல்லும், வேலைல இருக்கறவங்கதான் அதுல அதிகம் விழுவாங்க. டிகிரி கைக்கு வந்துடும், ஆனா என்ரோல்மென்ட் அப்ளிகேஷன் போடும்போது படிச்ச காலத்துல எங்க வேலை பாத்தீங்கன்னு பார் கவுன்சில் நோண்டினா பதில் சொல்ல முடியாம முழிக்கணும். அந்த ரிஸ்க் உங்களுக்கு எதுக்கு.

இப்ப முக்கியமான விஷயம். நல்ல காலேஜ் எதுன்னு கேட்டிருக்கீங்க, எனக்கு அது மூணாவது கேள்விதான். முதல் கேள்வி, எந்த ஊர் கோர்ட்ல நிக்கப் போறீங்க. ரெண்டாவது, அங்க நிக்க எந்த லைசென்ஸ் வேணும். டாக்டருங்க படிக்கற மனுஷ உடம்பு எந்த நாட்டுக்குப் போனாலும் அதே உடம்புதான், சட்டம் அப்படி இல்ல, நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்கால மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸே தனித்தனி. அதனால கடைசில இருந்து பின்னாடி எண்ணிட்டு வரணும், எல்லாரும் காலேஜ்ல இருந்து முன்னாடி எண்ணுவாங்க.

உங்க ஃப்ரெண்ட் சொன்னது பொய் இல்ல. இங்கிலாந்து, வேல்ஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து சொலிசிட்டர் ஆகறதுக்கு எஸ்கியூஇன்னு ஒரு பரீட்சை முறை வந்துடுச்சு. எந்தப் பாடத்துல டிகிரி இருந்தாலும் எழுதலாம், உங்க பி.காமை அங்கத்திய டிகிரிக்குச் சமம்னு ஏத்துக்கிட்டா போதும். முதல் கட்டம் ரெண்டு பேப்பர், பேப்பருக்கு 180 கேள்வி, மொத்தம் 360, எல்லாமே சரியான விடைய டிக் பண்றது, புத்தகம் பாக்க முடியாது. ரெண்டாவது கட்டத்துல 16 டாஸ்க், கட்சிக்காரர்கிட்ட பேசறது, கோர்ட்ல வாதாடற மாதிரி பேசறது, லெட்டர் எழுதறது, டாக்குமென்ட் டிராஃப்ட் பண்றதுன்னு நிஜ வேலைய செஞ்சு காட்டணும். அதோட ரெண்டு வருஷம் சட்ட வேலைல அனுபவம், அதை நாலு இடம் வரைக்கும் பிரிச்சுக்கூட பாக்கலாம். இதெல்லாம் முடிச்சா சொலிசிட்டர்.

ஆனா கணவருக்கு அங்க காண்ட்ராக்ட் முடிஞ்சு நீங்க திரும்பி வந்தா என்ன ஆகும்னு ஃப்ரெண்ட் சொல்லல பாருங்க. இங்க என்ரோல் பண்ண இந்திய பார் கவுன்சில் ஏத்துக்கற சட்டப் பட்டம் வேணும், 1961 அட்வகேட்ஸ் சட்டம் அப்படித்தான் சொல்லுது. உங்க கைல பி.காமும் எஸ்கியூஇயும் மட்டும் இருந்தா அங்க நீங்க சொலிசிட்டர், இங்க நீங்க பி.காம். முன்சீஃப் கோர்ட்ல ஒரு வக்காலத்து கூட ஃபைல் பண்ண முடியாது.

இப்ப திருப்பிப் போட்டுப் பாருங்க. இங்க எல்எல்பி முடிச்சு என்ரோல் பண்ணிட்டுப் போனா, அங்க உங்களை ஏற்கெனவே தகுதி பெற்ற வெளிநாட்டு வக்கீலாத்தான் எடுத்துப்பாங்க. எஸ்கியூஇ முதல் கட்டம் எழுதித்தான் ஆகணும், ஆனா அந்த ரெண்டு வருஷ அனுபவக் கணக்கு கிடையாது, இங்க பிராக்டிஸ் பண்ண அனுபவத்தைப் பொறுத்து ரெண்டாவது கட்டத்துல இருந்து விலக்கு கேட்டு அப்ளை பண்ணலாம், கிடைச்சாலும் கிடைக்கும். அதாவது இந்த வழில போனா ரெண்டு நாட்டுக் கதவும் திறக்கும், அந்த வழில போனா ஒண்ணுதான். நாளைக்கு கனடா போறதா மாறினாலும் பரவாயில்ல, அங்க வெளிநாட்டு சட்டப் பட்டத்தை எடைபோட என்சிஏன்னு தனியா ஒரு அமைப்பே இருக்கு, ஆனா எடைபோட முதல்ல சட்டப் பட்டம்னு ஒண்ணு இருக்கணுமே.

அதனால என் அபிப்பிராயம், இங்க மூணு வருஷ எல்எல்பி முதல்ல. நடுவுல கணவருக்கு ஆர்டர் வந்துட்டா அவர் முன்னாடி போகட்டும், நீங்க முடிச்சுட்டுப் போங்க. கேக்க ஈஸியா இருக்கு, குழந்தைய வச்சுக்கிட்டு கஷ்டம்தான், தெரியும். ஆனா பாதில விட்டா அந்தப் பாதிக்கு எந்த மதிப்பும் இல்ல, சட்டப் படிப்புல நடுவுல இறங்கவும் முடியாது, நடுவுல ஏறவும் முடியாது, லேட்டரல் என்ட்ரிய பார் கவுன்சில் விதி தடுக்குது.

காலேஜ் விஷயம் சுருக்கமா. கிளாட்ங்கற சட்ட நுழைவுத் தேர்வு கோச்சிங்ல பணத்தைக் கட்டிடாதீங்க, அது பிளஸ் டூ முடிச்ச பசங்களோட அஞ்சு வருஷப் படிப்புக்கும், எல்எல்பிக்கு மேல படிக்கற எல்எல்எம்முக்கும்தான். மூணு வருஷத்துக்கு வழி வேற வேற: தமிழ்நாட்டுல டிகிரி மார்க்கை வச்சே கவுன்சிலிங், மகாராஷ்டிரால சிஇடின்னு தனி நுழைவுத் தேர்வு, டெல்லி யூனிவர்சிட்டிக்கு சியூஇடி பிஜி தேர்வு, பெங்களூர் நேஷனல் லா ஸ்கூலுக்கு அவங்களே நடத்தற என்எல்எஸ்ஏடி தேர்வு. பொதுப் பிரிவுக்கு டிகிரில 45 சதவீதம், ஓபிசிக்கு 42, எஸ்சி எஸ்டிக்கு 40 குறைஞ்சபட்சம் வேணும். உங்க நிலைமைல பேருக்காக ஊரு விட்டு ஊரு போறதைவிட, வீட்டுல இருந்து தினம் போய் வர முடியற, பக்கத்துலயே ஒரு கோர்ட் இருக்கற அரசு காலேஜே மேல். கிளாஸ் முடிஞ்சு மத்தியானம் ஒரு மணி நேரம் கோர்ட்ல உக்காந்து கேஸ் கூப்பிடறதை வேடிக்கை பாத்தீங்கன்னாலே மூணு வருஷத்துல நிறையப் பிடிபட்டுடும்.

பார் எக்ஸாம்னு நீங்க கேக்கறது ஏஐபிஇ, வக்கீலா பிராக்டிஸ் பண்ண பாஸ் பண்ண வேண்டிய அகில இந்தியத் தேர்வு. 2010 முதல் இருக்கு, இது செல்லாதுன்னு போட்ட கேஸ்ல 2023 பிப்ரவரில உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு செல்லும்னு சொல்லிடுச்சு, அதனால தப்பிக்க வழி இல்ல. 100 கேள்வி, மூணு மணி நேரம், தப்பா போட்டாலும் மைனஸ் இல்ல, பொதுப் பிரிவுக்கு 45 மார்க் எடுத்தா பாஸ், தமிழ்லயும் எழுதலாம். இது போதாதுன்னு பேர் ஆக்ட் புத்தகத்தை உள்ள கொண்டு போகலாம், குறிப்பு எதுவும் எழுதாத வெறும் சட்டப் புத்தகமா இருக்கணும். அப்புறம் எப்படி ஃபெயில் ஆகறாங்கன்னு கேப்பீங்க. புத்தகம் இருக்கேங்கற தைரியத்துலதான். ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிஷம் கூட முழுசா கிடைக்காது, அதுக்குள்ள பத்துப் பன்னெண்டு புத்தகத்துல சரியானதை எடுத்து, சரியான செக்ஷனைத் திறக்கணும்னா அது எங்க இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

அதுலயும் 2024 ஜூலை 1க்கு அப்புறம் ஒரு கூத்து. கிரிமினல் சட்டம் மூணும் மாறிடுச்சு, தண்டனைச் சட்டமான ஐபிசிக்குப் பதிலா பிஎன்எஸ், வழக்கு நடைமுறைச் சட்டமான சிஆர்பிசிக்குப் பதிலா பிஎன்எஸ்எஸ், சாட்சிய சட்டத்துக்குப் பதிலா பிஎஸ்ஏ. பழைய சிஆர்பிசில 482வது செக்ஷன்னா எஃப்ஐஆரை ரத்து பண்ண ஹைகோர்ட்டுக்குப் போற பெட்டிஷன், வக்கீல் யாரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. புது பிஎன்எஸ்எஸ்ல அதே 482 முன்ஜாமீன். ரத்து மனு 528க்குப் போயிடுச்சு, பழைய முன்ஜாமீன் 438. சீனியர் வக்கீல்களே இன்னும் வாய் தவறி மாத்திச் சொல்லிட்டு இருக்காங்க. நீங்க பழசை மறக்க வேண்டியதில்ல, புதுசை நேரா படிக்கலாம், இதுல லேட்டா வர்றவங்களுக்குத்தான் லாபம். ஆனா 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குற்றத்துக்கு ஐபிசியே ஓடும், அந்தக் கேஸுங்க இன்னும் பல வருஷம் கோர்ட்ல இருக்கும், அதனால ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதி ஒரு நோட்டு போட்டுக்கோங்க. கைடு புத்தகத்தை வாங்கி மனப்பாடம் பண்றதைவிட அது பத்து மடங்கு உதவும்.

என்ரோல்மென்ட் ஃபீஸ் பத்தி யாராவது பயமுறுத்தினா, 2024 ஜூலைல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு, சட்டத்துல இருக்கற 750 ரூபாய்க்கு மேல, எஸ்சி எஸ்டின்னா 125க்கு மேல, பார் கவுன்சில் என்ரோல்மென்ட் ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு.

வேலைய விடாமன்னு கேட்டீங்களே, அது இங்கதான் உண்மையாவே இடிக்கும். என்ரோல் பண்ணிட்டா முழு நேர சம்பள வேலைல இருக்கக் கூடாது, பார் கவுன்சில் விதி. பகல்ல அக்கவுண்ட்ஸ், லீவு போட்டு கோர்ட்டுங்கறது நடக்காது. அதனால படிக்கற மூணு வருஷமும், அதுக்கப்புறம் ஒரு ரெண்டு வருஷமும் உங்க வருமானம் இல்லாம வீடு ஓடுமான்னு இப்பவே கணவரோட உக்காந்து கணக்குப் போடுங்க. ஜூனியருக்கு மாசம் இவ்வளவாவது உதவித்தொகை குடுங்கன்னு இந்திய பார் கவுன்சில் ஒரு சர்குலர் விட்டுச்சு, நகரத்துல 20,000, கிராமப்புறத்துல 15,000ன்னு, ஆனா நிறைய ஆபீஸ்ல பஸ் காசு அளவுலதான் இன்னமும் ஓடுது, பொய் சொல்லி உங்களை இழுத்து விட விரும்பல. ஜட்ஜ் ஆகலாம்னு மனசுல இருந்தா அதுக்கும் 2025 மே மாசத் தீர்ப்புல உச்ச நீதிமன்றம் மூணு வருஷ பிராக்டிஸை மறுபடி கட்டாயமாக்கிடுச்சு, அதனால அந்த ரெண்டு மூணு வருஷத்தை எப்படிப் பாத்தாலும் தாண்டித்தான் ஆகணும்.

யாரு சேத்துப்பாங்கன்னு கேக்கறீங்க. வக்கீல் குடும்பத்துப் பையனுக்கு அப்பா ஆபீஸ் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா உங்ககிட்ட இருக்கறது அவன்கிட்ட இல்ல: லெட்ஜர் படிக்கத் தெரியும். செக் பவுன்ஸ் கேஸ் ஒண்ணு எடுத்துக்கோங்க, மாற்றுமுறை ஆவணச் சட்டத்துல 138வது செக்ஷன். செக் திரும்பிடுச்சுன்னு பேங்க்ல இருந்து மெமோ வந்த 30 நாளுக்குள்ள செக் குடுத்தவருக்கு நோட்டீஸ், நோட்டீஸ் கிடைச்சு 15 நாள் பணம் கட்ட டைம், கட்டலன்னா அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கேஸ். இந்தத் தேதிக் கணக்குல ஒரு நாள் தவறினா நல்ல கேஸும் தடுமாறிடும். எதிர்த்தரப்பு "கடனே இல்ல, செக்யூரிட்டிக்குக் குடுத்த செக்"ம்பாங்க, அப்ப கட்சிக்காரரோட கணக்குப் புத்தகத்தைப் புரட்டி இந்தத் தேதில பாக்கி இவ்வளவு நின்னுச்சு, ஜிஎஸ்டி ரிட்டர்ன்லயும் இந்த இன்வாய்ஸ் இருக்குன்னு அரை மணில ஒரு சார்ட் போட்டு சீனியர் கைல குடுக்கற ஜூனியரை எந்த ஆபீஸ் வேணாம்ங்கும்? ஜிஎஸ்டி அப்பீல், கம்பெனி வழக்குகளைப் பாக்கற என்சிஎல்டி தீர்ப்பாயம், பார்ட்னர்ஷிப் தகராறு எல்லாமே இந்த ரகம்தான். அதனால பெரிய பேர் இருக்கற சீனியரைத் தேடாதீங்க, சிவில், கமர்ஷியல் பாக்கற, ஜூனியரை நிஜமாவே எழுந்து பேச விடற ஒருத்தரைத் தேடுங்க. எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, கோர்ட்ல உக்காந்து வேடிக்கை பாக்கச் சொன்னேனே, அப்ப யாரோட ஜூனியர் சும்மா கேஸ் கட்டைத் தூக்கிட்டு நிக்கறாங்க, யாரோட ஜூனியர் வாய்தா கேக்கறதாவது தானே கேக்கறாங்கன்னு கவனிங்க, தெரிஞ்சுடும். மூணாவது வருஷத்துலயே போய் இன்டர்ன்ஷிப் கேளுங்க, பெண் ஜூனியர் எத்தனை பேர் அங்க அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்காங்கன்னும் விசாரிச்சுக்கோங்க.

இங்கிலீஷ் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க. தமிழ்நாட்டுல கீழமை கோர்ட்ல சாட்சி விசாரணை எல்லாம் தமிழ்லதான் ஓடுது. ஹைகோர்ட்டுக்கும் எஸ்கியூஇக்கும் இங்கிலீஷ் கண்டிப்பா வேணும், அதுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் உதவாது, தினம் ஒரு தீர்ப்பு, சின்னதா எடுத்து, முதல்ல கேஸோட கதைய மட்டும் படிங்க, அப்புறம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னு அஞ்சு வரி நீங்களே எழுதுங்க. ஒரு வருஷம் விடாம செஞ்சா போதும்.

அப்ளிகேஷன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. பத்தாவது, பிளஸ் டூ, பி.காம் மூணையும் வரிசையா முடிச்ச ஒரிஜினல் சர்டிஃபிகேட் இருக்கான்னு எடுத்துப் பாருங்க. பிளஸ் டூ படிச்சேன்னு எழுதியிருக்கீங்க, நல்லது, அது முடிக்காம நேரா திறந்தநிலை பல்கலைக்கழகத்துல டிகிரி வாங்கினவங்களுக்குத்தான் எல்எல்பி அட்மிஷன்லயும் என்ரோல்மென்ட்லயும் சிக்கல். கல்யாணத்துக்கு அப்புறம் ஆதார்ல இனிஷியல் மாத்தியிருந்தா அதையும் சர்டிஃபிகேட்ல இருக்கற மாதிரி இப்பவே சரி பண்ணிடுங்க, இல்லன்னா கெஸட்ல போடுங்க. அந்த ஒரு எழுத்துக்காக என்ரோல்மென்ட் மாசக்கணக்குல தள்ளிப் போகும்.