சிறு ஊர்களுக்குக் குறைந்த விலையில் பிராட்பேண்ட் கிடைக்க அரசுத் திட்டமே போதாதா?

நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், உங்கள் ஊர் வழியாகக் கேபிள் போயிருக்கும், வீட்டுக்கு மட்டும் வந்திருக்காது. எங்களுக்கும் அதே கதைதான். குமரி மாவட்டத்தில் கடையால் பக்கம் கேபிள் டிவி நடத்துகிறேன். சில வருஷமாக ஃபைபர் இன்டர்நெட்டும் கொடுக்கிறேன். "சொந்தக் கடைக்கு விளம்பரமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: புது லைன் கொடுக்க என்னிடம் இப்போது போர்ட்டே காலி இல்லை.

திட்டத்தைக் குறை சொல்லவில்லை. 2011-ல் ஒப்புதலாகி, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய அந்த மத்திய அரசுத் திட்டம், கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் கொண்டுபோகப் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள். எங்கள் மாவட்டத்தில் 95தான். பேரூராட்சிகளோ ஐம்பது போல, மாநிலத்திலேயே இங்கேதான் அதிகம். கடையால் பேரூராட்சி, பக்கத்துப் பேச்சிப்பாறை ஊராட்சி. இரண்டிலும் அதே ரப்பர், அதே மலை, அதே மழை. ஆனால் காகிதத்தில் நாங்கள் டவுன். டவுனுக்குக் கம்பெனிகள் தானாக வரும் என்று நினைத்துவிட்டார்கள் போல. ஒரு கம்பெனி வரவும் செய்தது. கிலோமீட்டருக்கு எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டது.

2020-ல் காலேஜ் எல்லாம் ஆன்லைனில் நடந்தபோது, ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஒரு அக்கா வந்தார். மகள் சிக்னலுக்காகப் பாறைமேல் குடையோடு உட்கார்ந்து படிக்கிறாள், ஒரு லைன் தா தம்பி என்றார். லைன் பிரியும் என் கடைசிப் பெட்டியிலிருந்து அவர் வீடு ஒன்றரை கிலோமீட்டர். இடையில் போஸ்ட் கிடையாது. தோட்டக்காரரிடம் கெஞ்சி, ரப்பர் மரங்களிலேயே கட்டி இழுத்தேன். தப்புதான், தெரியும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

ரப்பர் கொம்பு காற்றுக்கு நிற்காது, 2017 ஒக்கி புயலில் நாங்கள் பார்க்காததா? மூன்றாம் மாதமே ஐப்பசி மழையில் ஒன்று முறிந்து கேபிள்மேல் விழுந்தது. ராத்திரி எட்டு மணிக்கு போன்: "அண்ணா, பெட்டியில் சிவப்பு லைட் மின்னுது, நாளைக்குப் பரீட்சை." கேபிளில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 31. மைனஸ் 27-க்குக் கீழே போனால் வீட்டுப் பெட்டி ஒளியைப் பிடிக்காது. அந்த அக்கா தலையில் கட்டும் பால்வெட்டு லைட்டைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு, அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மிஷினுக்குமேல் குடை பிடித்தார். முடி கனம்தான் கண்ணாடி இழை; அதில் ஒரு சொட்டு வியர்வை பட்டாலும் மறுபடி துடைத்து, மறுபடி வெட்டணும். நாலாவது தடவை மைனஸ் 22. என் மனைவியின் வளையலை வைத்து வாங்கிய மிஷின் அது.

இதைத்தான் சொல்ல வந்தேன். குறைந்த விலைக்குக் கொடுப்பது முதல் நாள் வேலை. அறுந்த ராத்திரியில் வருகிற ஆளுக்கும் அந்த விலையிலேயே சம்பளம் எடுக்கணும். எந்த டெண்டரிலும் அந்த ஆளை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எனக்கு இன்டர்நெட் தரும் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், நான் பேசுவதைக் கேட்டு "சார், நீங்க மலையாளியா?" என்கிறார்கள். எல்லையோரம் என்பதால் போனும் அடிக்கடி கேரளா டவரைப் பிடித்துக்கொள்ளும். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டமய்யா இது! இன்னும் எத்தனை பேருக்கு விளக்கணும்?

சரி, உங்கள் விஷயம். தெருவில் எட்டு வீடாவது சேர்ந்துகொண்டு உள்ளூர் கேபிள்காரரிடம் போங்கள். எட்டு வீடு இருந்தால், ஒரு இழையை எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று நிறையும், அவருக்கும் கணக்கு ஒத்துவரும். தனியாகப் போனால் "பார்க்கலாம்" என்றுதான் சொல்வார், நானும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த அக்காவின் மகள் இப்போது நாகர்கோவிலில் வேலை பார்க்கிறாள். வீட்டு லைனுக்கு மாதாமாதம் அவள்தான் பணம் போடுகிறாள். போன மாதம் இன்னும் வரவில்லை.