உங்கள் ஊர் நூலகம் உள்ளூர் எழுத்தாளர்களை நினைவில் வைத்திருக்கிறதா?

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். கேள்வியில் 'உங்கள் ஊர்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். கொழும்புத் தமிழர் ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பருத்தித்துறை, கல்முனை, மன்னார், ஹட்டன் என்றுதான் பதில் வரும். மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கூட அப்பப்பாவின் ஊரைச் சொல்வார். எழுத்தாளர் விஷயத்திலும் இதேதான் நடக்கிறது.

எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' இலக்கிய இதழைப் பிற்காலத்தில் கொழும்பிலிருந்துதான் நடத்தினார். 2021இல் காலமானதும் இங்கேதான். திறனாய்வாளர் கே. எஸ். சிவகுமாரன் மட்டக்களப்பில் பிறந்தவர். வாழ்வின் பெரும்பகுதி கொழும்பு. இருவரையும் கொழும்பு எழுத்தாளர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, அவர்களைப் பிறந்த ஊர் மறக்காது. பிறந்ததும் எழுதியதும் கொழும்பிலேயே என்றிருப்பவர்களை யார் தேடுவார்கள்?

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஐயா இருந்தார். அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். சேர்த்து வைத்த காசில் 300 பிரதி அடித்து ஒரு சிறுகதைத் தொகுதி போட்டார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், முடுக்கு வீடுகள், பொதுக் குழாயடியில் விடியற்காலைச் சண்டை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் எல்லாம் அதில் இருந்தன. நான் நடந்த தெருக்களை அச்சில் முதன்முதலாகப் பார்த்தது அந்தப் புத்தகத்தில்தான்.

அவர் இறந்த பிறகு, அவரே கையால் கொண்டுபோய்க் கொடுத்த நூலகம் ஒன்றில் அதைத் தேடினேன். பழுதடைந்த நூல்களோடு கழித்துவிட்டார்களாம். நூலகர் நல்ல மனிதர், என்னோடு சேர்ந்து இரண்டு அலுமாரி தேடினார். கொழும்பைப் பற்றிய தமிழ்க் கதைகள் என்று தனியாக ஏதாவது உண்டா என்று கேட்டேன். அப்படி ஒரு தட்டு இல்லை. நூலகங்கள் புத்தகங்களை எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. சென்னையில் எழுதியவரும் கொட்டாஞ்சேனையில் எழுதியவரும் அந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம். ஊரைத் தனியாகக் குறித்து வைத்தால்தான் உள்ளூர்க்காரர் கண்ணில் படுவார். அதற்கு அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலும் எழுத்தாளரே பதிப்பாளர். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபத்தில் வெளியீட்டு விழா நடக்கும், முதற்பிரதி ஒரு பிரமுகருக்குப் போகும். அப்புறம் மிச்சப் பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுத்தாளரேதான் அலைய வேண்டும். அவருடைய கால் ஓய்ந்தால் புத்தகத்தின் பயணமும் ஓய்ந்துவிடும்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் இப்படித் தொலைந்திருக்கக்கூடிய எத்தனையோ புத்தகங்களை மின்வருடிக் காப்பாற்றியிருக்கிறது. அதில் எழுத்தாளருக்கான ஆளுமைப் பக்கத்தில் 'ஊர்' என்று ஒரு வரி உண்டு. பிறந்த ஊரோடு, எழுதிய ஊருக்கும் அங்கே இடம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஐயாவின் மகளிடம் இன்னும் நான்கு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றை மின்வருட, ஒன்றைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் முதல் பக்கத்தில், அவர் பெயருக்குக் கீழே, 'கொட்டாஞ்சேனை, கொழும்பு 13' என்று எழுதித்தான் கொடுக்கப் போகிறேன்.