கொடுப்பனவு நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீடு எப்படி? – கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு, அஸ்வெசும (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரச நலன்புரிக் கொடுப்பனவு) போன்றவை மறுக்கப்பட்ட மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் குடும்பங்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கிரான்: அப்பாவுக்குப் பாரிசவாதம், வலப்பக்கம் ஏலாது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பம் குடுத்தம். பிரதேச செயலகத்தில "பேர் வரல்ல" எண்டு மட்டும் சொல்றாங்க. மறுகா எங்க போறது?

"பேர் வரல்ல" என்பது ஒரு முடிவே அல்ல, தம்பி. மருத்துவச் சான்றிதழ் போதாமல் இருக்கலாம். வருமானம் கூட என்று கழித்திருக்கலாம். தகுதி கிடைத்தும் காத்திருப்போர் பட்டியலில் நிற்கலாம். கோப்பு கிராம உத்தியோகத்தரின் மேசையை விட்டே எழும்பாமலும் இருக்கலாம். நாலுக்கும் வேறு வேறு வழி. காரணம் தெரியாமல் மேன்முறையீடு எழுதினால் தபால் செலவுதான் மிச்சம்.

ஆகவே முதல் வேலை, காரணத்தை எழுத்தில் வாங்குவது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆர்.ரி.ஐ. 01 படிவம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெள்ளைத்தாளே போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. கடிதத்தில் "ஏன் தரவில்லை?" என்று கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி:

"…ஆம் திகதி கையளித்த என் விண்ணப்பம் எந்தத் திகதியில் பதியப்பட்டது? தற்போது எந்த உத்தியோகத்தரிடம் உள்ளது? நிராகரிக்கப்பட்டிருப்பின் அம்முடிவின் பிரதியும், முடிவெடுத்தவரின் பதவிப் பெயரும் தருக. காத்திருப்போர் பட்டியலில் இருப்பின் என் வரிசை இலக்கமும், வரிசையைத் தீர்மானிக்கும் சுற்றறிக்கையின் பிரதியும் தருக."

மருத்துவ ஆவணம் கேட்பதானால் அப்பாவின் எழுத்துமூலச் சம்மதத்தையும் இணைக்க வேண்டும். அவருடைய ஆவணத்தை மகனுக்கு என்றாலும் சம்மதமில்லாமல் கொடுக்கச் சட்டம் விடாது. கையெழுத்துப் போட முடியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம், பக்கத்தில் சாட்சி ஒப்பமிடட்டும். கடிதம் கிடைத்ததாக எழுத்தில் வாங்காமல் படி இறங்க வேண்டாம்.

கல்முனை: தகவல் கேட்டுக் கடிதம் குடுத்து ஒரு மாதம். ஒரு சத்தமும் இல்லை.

14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். அது கடந்தால் மௌனமும் மறுப்புத்தான். அதிலிருந்து 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (தகவல் மறுப்பு மேன்முறையீடுகளைக் கேட்க நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு செய்ய வேண்டும், படிவம் ஆர்.ரி.ஐ. 10. அவர் யார் என்பதை அலுவலகத்தில் காட்சிப்படுத்த வேண்டும் என்பது சட்டம், அறிவித்தல் பலகையைப் பாருங்கள். அவருக்கு 3 வாரம். அங்கும் சரிவராவிட்டால் 2 மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் போடலாம். உங்களுக்கு 14 நாள் தவறியிருந்தால் பயந்து விட்டுவிட வேண்டாம். உங்கள் கையை மீறிய காரணம் இருந்தால், உதாரணமாக ஆஸ்பத்திரியில் நின்றிருந்தால், அதை ஆதாரத்தோடு எழுதுங்கள். அதற்கும் இடமுண்டு.

காத்தான்குடி: வாப்பாவுக்கு ஒரு கால் இல்ல. எங்களுக்கு அஸ்வெசும இல்ல, முன்வீட்டில கார் நிக்குது, அவங்களுக்குக் கிடைக்குது. இதை எழுதி அனுப்பினேன், பதிலில்லை.

முன்வீட்டுக் காரை விடுங்கள் நானா. தகுதியில்லாதவருக்குக் கிடைக்கிறது என்பது ஆட்சேபனை, எனக்குக் கிடைக்கவில்லை என்பது மேன்முறையீடு. இரண்டும் வெவ்வேறு. ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டுமே நிற்காது. அவர்களுடைய புள்ளிகளைத் தகவல் சட்டத்தில் கேட்டாலும் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள்.

அஸ்வெசும 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நடக்கிறது. 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போடுகிறார்கள். உங்கள் வேலை, எந்தக் குறிகாட்டியில் பிழை என்று பிடிப்பது. கணக்கெடுப்பில் உங்கள் வீட்டைப் பற்றிப் பதிந்ததன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கல்யாணம் முடித்துத் தனியே போன மகனின் சம்பளம் இன்னும் இந்த வீட்டு வருமானமாக நிற்கலாம். ஒரே மீற்றரில் இரண்டு வீட்டுக் கரண்ட் ஓடலாம். வாப்பாவின் இயலாமை பதியப்படாமலே விடுபட்டிருக்கலாம், இதைக் கட்டாயம் பாருங்கள். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரி, ஒரு ஆதாரம்: மகனின் புது முகவரிக்குக் கிராம உத்தியோகத்தர் சான்று, மீற்றருக்கு இரண்டு வீட்டையும் காட்டும் படம். "நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்" என்று மூன்று பக்கம் எழுதினால் அதற்குப் போடப் புள்ளியில்லை. மேன்முறையீட்டுக் காலம் அறிவித்தலோடு திறந்து மூடும். திகதியைப் பிரதேச செயலக நலன்புரிப் பிரிவிலோ 1924 என்ற தொலைபேசி இலக்கத்திலோ கேளுங்கள்.

வெல்லாவெளி: வைத்தியர் சான்றிதழ் தந்தும் "போதாது" எண்டு திருப்பிட்டாங்க.

பெரும்பாலும் அதில் நோயின் பெயர் மட்டும்தான் இருக்கும். நோயின் பெயரை வைத்து உத்தியோகத்தர் ஒன்றும் முடிவெடுக்க முடியாது. என்ன செய்ய ஏலாது என்பது வேண்டும்: துணையில்லாமல் எழும்ப முடியுமா, எத்தனை தூரம் நடப்பார், மலசலகூடத்துக்கு ஆள் பிடிக்க வேண்டுமா, வலக்கையால் கோப்பை தூக்குவாரா, இந்நிலை நிரந்தரமா. கிளினிக்கில் வைத்தியருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். இவற்றை அரைத்தாளில் எழுதி, கிளினிக் கொப்பியோடும் டயக்னோசிஸ் கார்டோடும் முன்னால் வையுங்கள். வாயால் சொன்னால் பாதி விடுபடும். சான்றிதழில் திகதி, கையெழுத்து, பதவி முத்திரை, மருத்துவச் சபைப் பதிவிலக்கம் நாலும் இருக்கிறதா என்று கதிரையை விட்டு எழும்ப முன் பாருங்கள்.

வாகரை: 1990இல் செல் துண்டு பட்டது. ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றும் இப்ப இல்லை, சுனாமியோட போச்சு.

பழைய துண்டு இல்லாவிட்டாலும் காயம் உடம்பில்தானே இருக்கிறது, அண்ணன். இப்போது ஒரு எக்ஸ்ரே எடுங்கள். உலோகத் துண்டு உள்ளே நின்றால் அது தெரியும், வைத்தியர் எழுதித் தரலாம். தழும்பின் இடமும் அளவும் அறிக்கையில் வரட்டும். சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரிக்கும் பதிவேட்டுப் பிரதி கேட்டு எழுதுங்கள். "பதிவு இல்லை" என்று வரும் பதிலும் ஓர் ஆவணம், வைத்திருங்கள். மேலதிகமாகச் சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி, உங்களுடையது ஒன்று, சம்பவத்தைக் கண்ணால் கண்டவருடையது ஒன்று. கேள்விப்பட்டவருடையது உதவாது.

திருக்கோவில்: மறுப்புக் கடிதம் சிங்களத்தில் வந்திருக்கு.

வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. தமிழில் தரும்படி ஒரு வரி எழுதிக் கேளுங்கள், தராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். ஆனால் மொழிபெயர்ப்பு வரட்டும் என்று காலக்கெடுவைக் கோட்டைவிடாதீர்கள். கடிதம் கைக்கு வந்த திகதியை உறையிலேயே குறித்து, உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆரையம்பதி: கோட்டுக்குப் போகலாமா? சட்டத்தரணிக்குக் குடுக்கக் காசில்லை.

போகலாம், ஆனால் எந்தக் கோடு என்பதில் பிழைவிடுபவர்கள் அதிகம். பாரபட்சம் என்றால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம், கெடு ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் நிற்கும் காலம் கணக்கில் வராது. வெறும் முறைப்பாட்டு இலக்கம் போதாது, விசாரணை நடப்பதாகக் கடிதம் வாங்குங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு. மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் மாதாந்த உதவி என்றால் எழுத்தாணை மனு (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யவோ கடமையைச் செய்விக்கவோ கேட்கும் 'ரிட்' மனு) மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அஸ்வெசும மத்திய அரசின் விடயம், அதற்குக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். எழுத்தாணைக்கு நாள் கணக்கு இல்லாவிட்டாலும் நெடுநாள் தாமதித்தால் அதையே காரணம் காட்டித் தள்ளுவார்கள்.

காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு. அடையாள அட்டை, வருமானச் சான்றிதழ், இதுவரை எழுதிய, வந்த கடிதமெல்லாம் திகதி வரிசையில் கட்டிக்கொண்டு போங்கள்.

செங்கலடி: ஒருத்தர் 15,000 தந்தால் பேரைப் போட்டுத் தாறன் எண்டார்.

விண்ணப்பத்துக்கும் மேன்முறையீட்டுக்கும் காசில்லை. தகவல் சட்டத்திலும் முதல் 4 ஏ4 பக்கம் இலவசம். கேட்டவர் அரச உத்தியோகத்தர் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள், காசைக் கொடுத்த பிறகு அல்ல, கொடுக்க முதல்.