ஏற்பியை எழுப்பும் மாத்திரை

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை இருக்கிறது. வலை இழுக்கும்போது சிப்பி கிழித்து, கால் வீங்கி, காய்ச்சல் வந்து, ஊசி போட்டுச் சரியானது. "டோல் ரிசப்டரை எழுப்பும், கிருமியே அண்டாது" என்று ஏஜென்ட் ஒருவர் கடல்பாசி மாத்திரை தருகிறார். டப்பா 2,800 ரூபாய். வாங்கலாமா?
- வாசகி, மண்டபம்

பதில்: வேண்டாம். அந்தக் காசில் நல்ல ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள்.

டோல் ஏற்பி (ரிசப்டர்), அதாவது கிருமி வந்ததை உணரும் நம் உடம்பின் புரதம், பொய்யில்லை, 2011இல் நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். மனிதரிடம் பத்து வகை உண்டு. ஒன்று கிருமியின் மேலுறைக் கொழுப்பைப் பிடிக்கும், இன்னொன்று அது நீந்தும் வாலை. கிருமியின் பெயர் இவற்றுக்குத் தெரியாது. பறவை வட்டமிட்டால் "அங்கே கூட்டம் இருக்கு" என்பார் உங்கள் அப்பா. என்ன மீன் என்பது கிட்டப் போனால்தான் தெரியும். அந்த மாதிரி.

அப்பாவின் வீக்கமும் காய்ச்சலும் பெரும்பாலும் இவை கிளப்பியவைதான். தூங்குவதே இல்லாத காவலனை எதற்கு எழுப்புவது? அளவுக்கு மீறிக் கிளம்பினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. அப்போது ஏற்பியை அடக்க ஒரு மருந்தைப் பெரிய அளவில் சோதித்தார்கள்; 2013இல் வந்த முடிவு, இறப்பு குறையவில்லை. ஏற்பியைத் தூண்டும் மருந்துகளும் உண்டு: கோர்பிவேக்ஸ் கொரோனா தடுப்பூசியில் சேர்த்த துணைப்பொருள், மருவுக்குப் பூசும் இமிகுமோட். எல்லாம் அளந்து, ஓரிடத்தில், டாக்டர் சொன்னபடி.

ஏஜென்ட் டப்பாவைத் திருப்பி எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் காட்டி "அரசு அங்கீகாரம்" என்பார். அது உணவு விற்க உரிமம். மிக்சர் பாக்கெட்டிலும் இருக்கும். உங்கள் ஊர்ப் பெண்கள் மூச்சடக்கி எடுக்கும் பாசியைச் சில்லறை விலைக்கு வாங்கி, பொடித்து உங்களுக்கே விற்கிறார்கள். கடல் அட்டைப் பொடி என்றால் தொடவே தொடாதீர்கள். 2001 முதல் தடை, வழக்கு உங்கள் மேல் வரும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரைக்காரர், அதைவிடக் கல்லீரல் கெட்டவர், கடல்நீர் பட்ட காயத்தைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி சில மணி நேரத்தில் தசையை அரித்துவிடும். காயத்துக்குப் பொருந்தாத வலி, கருநீலக் கொப்புளம், காய்ச்சல்: இதில் எது வந்தாலும் அன்று இரவே கிளம்புங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருப்பாரா என்று என்னைக் கேட்காதீர்கள், எழுதி எழுதிச் சலித்துவிட்டது. நேரே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே "கால் வீக்கம்" என்று மட்டும் சீட்டில் எழுத விடாதீர்கள். "கடல் தண்ணி பட்ட காயம், சர்க்கரை இருக்கு" என்று நீங்களே சொல்லுங்கள். கொடுக்க வேண்டிய மருந்தே அதைக் கேட்டுத்தான் மாறும்.