போல்ட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா?

கே: பழைய ஃபைபர் போட் ஒன்று விலைக்கு வருகிறது. புதுப் பெயின்ட், பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா? – பழவேற்காடு

ப: பெயின்டையா கடலில் ஓட்டப் போகிறீர்கள்? இன்ஜின் மாட்டும் பின்பலகையைப் பாருங்கள். இன்ஜினைச் சாய்த்து, அதன் கால்பகுதியை மேலும் கீழும் அழுத்துங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால் உள்ளே பிளைவுட் மக்கியிருக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்னும், ஊறிய இடம் பொத்தென்னும். பிறகு கீழ்ப்பக்கத்து போல்ட் ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். பழுப்புத் தண்ணீர் கசிந்தால் கிளம்பிவிடுங்கள்.

கே: ஈரமானி காட்டும் எண்ணை நம்பலாமா? – தூத்துக்குடி

ப: தனியாக நம்பாதீர்கள். படகின் அடியில் செம்பு கலந்த பெயின்ட் இருந்தாலே கூடுதலாகக் காட்டும்.

கே: பாய்மரப் படகின் மேல்தளம் காலடியில் அமுங்குகிறது. துளை போட்டு எபாக்சிப் பசை ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள். – புதுச்சேரி

ப: ஆகாது. ஈர மரத்தில் எபாக்சி பிடிக்காது. தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டுவீர்கள். மேல்தோலை (மேல் ஃபைபர் அடுக்கை) வெட்டி எடுத்து, ஊறிய பால்சாவை (இரண்டு தோலுக்கும் நடுவே இருக்கும் லேசான மரம்) சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, புதுப் பால்சாவைக் கெட்டி எபாக்சியில் பதியுங்கள். மூடும்போது வெட்டின் இருபுறமும் 12க்கு 1 சரிவாகத் தேய்க்க வேண்டும்: தோல் 3 மி.மீ. என்றால் சரிவு 36 மி.மீ.

தண்ணீர் எப்படிப் போனது? கைப்பிடிக் கம்பி மாட்ட நேரே டிரில், நேரே போல்ட், சுற்றி ஒரு கோடு சிலிகான். இந்தச் சிலிகான் வைத்தியத்தை எத்தனை படகில்தான் பார்ப்பது! (நான் ஏமாந்து வாங்கியதும் அப்படி ஒன்றுதான்.) 8 மி.மீ. போல்ட்டுக்கு மேல்தோலையும் பால்சாவையும் 16 மி.மீ. துளையுங்கள், அடித்தோலை விட்டுவிடுங்கள். கெட்டி எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவே 8 மி.மீ. துளை. அப்புறம்தான் சீலண்ட்.

கே: பில்லில் ‘மரைன் பிளைவுட்’. 14 மாதத்தில் பின்பலகை பிளந்தது. வெட்டினால் உள்ளே ஐ.எஸ். 303 முத்திரை. நானே ஓட்டிப் பிழைக்கும் படகு. – நாகப்பட்டினம்

ப: அநியாயம். மரைன் பிளைவுட்டுக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 710; 303 சாதாரண பிளைவுட்டுக்கு. முத்திரையுள்ள துண்டை வீசாதீர்கள், பழுதுபார்க்குமுன் படம் எடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ‘தொழிலுக்கு வாங்கியது’ என்று பட்டறைக்காரர் வாதாடுவார், அசராதீர்கள். தன் பிழைப்புக்குத் தானே ஓட்டுபவர் 2019 சட்டப்படி நுகர்வோரே.

கே: படகில் மழைத் தண்ணீர்தான் நிற்கிறது, உப்பில்லையே? – காரைக்கால்

ப: மரத்தை மக்கவைப்பதில் உப்புத் தண்ணீரைவிட அதுதான் மோசம். அணியத்தை (முன்பக்கத்தை) உயர்த்தி, தண்ணீர் வடியும் துளையின் அடைப்பானைக் கழற்றி வையுங்கள்.