தொடக்கப்பள்ளிக்கு உதவும் இணையதளங்கள்: கேள்வி பதில்

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளே என் எல்லை; அதற்கு மேற்பட்டவற்றை அந்தந்தப் பாட ஆசிரியர்களிடம் கேட்பதுதான் முறை.

கேள்வி (ஒரு தாய்): இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு எல்லாப் பாடங்களையும் ஒரே இடத்தில் கற்றுத்தரும் மிகச் சிறந்த தளம் எது?

பதில்: அப்படி ஒரு தளம் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தடுமாறுகிறாளா, கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் குழம்புகிறாளா என்று முதலில் கண்டறியுங்கள். குறை எதுவென்று தெரிந்தால் தளத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது; தெரியாதவரை எந்தத் தளமும் பொழுதுபோக்குத்தான்.

கேள்வி (மூன்றாம் வகுப்பு ஆசிரியை): மூன்றைவிட நான்கு பெரியது என்பதால் மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரியது என்று பாதி வகுப்பு சொல்கிறது. திரையில் காட்டிப் புரியவைக்க ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் திரைக்கு முன்னால் காகிதம் வர வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு காகிதப் பட்டைகளில் ஒன்றை மூன்றாகவும் மற்றொன்றை நான்காகவும் மடிக்கச் சொல்லி, ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டை வைத்துப் பார்க்கவிடுங்கள். அதன் பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்துக்குச் செல்லலாம். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய அந்தத் தளம் அறிவியல், கணிதப் பாவனைச் செயல்பாடுகளை இலவசமாகத் தருகிறது. அதில் பின்னங்களின் அறிமுகத்துக்கென்றே ஒரு செயல்பாடு இருக்கிறது. பகுதி எண்ணைக் கூட்டும் அம்புக்குறியை அழுத்தினால், வட்டமோ செவ்வகமோ உடனே கூடுதல் துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் கண்ணெதிரே சிறுத்துப் போகிறது.

அந்த அம்புக்குறியை நீங்கள் அழுத்துவதற்கு முன், துண்டு பெரிதாகுமா சிறிதாகுமா என்று ஒவ்வொரு குழந்தையும் தன் நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் பார்த்தால், 'எனக்கு முன்பே தெரியும்' என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்; யாருடைய தவறான எண்ணமும் வெளியே வராது. வட்டத்தில் சரியாகச் சொல்லும் பிள்ளைகள் பலர் எண்கோட்டில் தடுமாறுவார்கள். அதே செயல்பாட்டில் எண்கோடும் இருப்பதால், மறுநாள் பாடத்தை அதிலிருந்தே தொடங்குங்கள். பதிவு செய்யவோ பெயர் கொடுக்கவோ தேவையில்லை என்பது இத்தளத்தை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம்.

கேள்வி (ஒரு தந்தை): கணக்குக்கு மிகச் சிறந்த இலவசச் செயலி எது?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்னதே உங்களுக்கும். கணக்கில் எந்தப் பகுதி?

கேள்வி (இரண்டாம் வகுப்பு ஆசிரியர்): பாடநூலைத் தவிரப் படிக்கக் கொடுப்பதற்குத் தமிழ்க் கதைகள் எங்கே கிடைக்கும்?

பதில்: பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய உள்ளன. படிக்கும் திறனை ஒட்டி நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நிலைக்கும் வகுப்புக்கும் முடிச்சுப் போட வேண்டாம். குழந்தை தானே படிப்பதற்குத் தடுக்காமல் போகக்கூடிய நிலையையும், நீங்கள் உரக்கப் படித்துக் காட்டுவதற்கு அதைவிட ஒரு படி மேலான நிலையையும் எடுங்கள். மொழிபெயர்ப்புக் கதைகளில் சில வாக்கியங்கள் நாக்கில் புரளாமல் நிற்கும் என்பதால், வகுப்புக்குப் போகுமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு அச்சடிக்கலாம், எளிமைப்படுத்தலாம், மொழிபெயர்க்கலாம். கணக்குத் தொடங்க நேர்ந்தால் உங்கள் பெயரில் தொடங்குங்கள். குழந்தையின் பெயரைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (நான்காம் வகுப்பு ஆசிரியர்): வாய்ப்பாடு மனத்தில் பதிவதற்கு, நேரக்கெடு வைத்து ஆடும் விளையாட்டுத் தளங்களில் எதைத் தரலாம்?

பதில்: வாய்ப்பாடு படியும் வரையிலாவது எதையும் தர வேண்டாம். அந்த விளையாட்டுகள் தெரிந்த குழந்தைக்குக் கைதட்டுகின்றன. தெரியாத குழந்தைக்கு 7×8 எப்படி 56 ஆயிற்று என்று சொல்லாமல், சிவப்புக் குறியைக் காட்டிவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவிவிடுகின்றன.

அதே ஆசிரியர்: கணக்கு என்றாலே முகம் சுளித்த பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு ஆடுகிறார்களே, அந்த ஆர்வத்தையா வேண்டாம் என்கிறீர்கள்?

பதில்: யாருடைய ஆர்வம் என்று பாருங்கள். தரவரிசைப் பட்டியலின் மேல்வரிசையில் வாரந்தோறும் அதே ஐந்தாறு பெயர்கள்தாம் இருக்கின்றனவா? கடைசியில் இருக்கும் பிள்ளை எத்தனை நாளைக்கு ஆர்வத்தோடு ஆடும்?

ஒரு தந்தை: என் மகன் யோசிப்பதே இல்லை. கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் ஏதோ ஒன்றைச் சடசடவென்று தட்டுகிறான். யோசிக்கிறவனைவிட அவனுக்குத்தான் அதிகப் புள்ளிகள் விழுகின்றன.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை: நாங்கள் ராகம் போட்டுச் சொல்லித்தான் வாய்ப்பாடு கற்றோம். திரையும் வேண்டாம், காகிதமும் வேண்டாம்.

பதில்: அம்மா, ராகம் போட்டுச் சொல்வதற்கு நான் எதிரியல்லன். ஆனால் அப்படி மட்டுமே கற்ற குழந்தையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று திடீரெனக் கேட்டால், அது 'ஓரேழு ஏழு' என்று முதலிலிருந்து தொடங்குவதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள்.

பத்துக்குப் பத்து வாய்ப்பாட்டில் 100 பெருக்கல்கள் உள்ளன. 3×7, 7×3 இரண்டும் ஒன்றே என்று குழந்தைக்குப் புரிந்துவிட்டால், கற்க வேண்டியவை 55 ஆகக் குறைகின்றன. 1, 2, 5, 10 ஆகியவற்றின் வரிசைகள் இயல்பாகவே வந்துவிடுவதால் அவற்றை நீக்கினால் மிஞ்சுவன 21. ஒன்பதால் பெருக்குவதைப் பத்தால் பெருக்கி ஒருமுறை கழித்துப் பெறலாம் என்று காட்டிவிட்டால், எஞ்சுவன 15 மட்டுமே. அந்தப் பதினைந்துக்கும் முக்கோண அட்டைகள் செய்து, மூன்று மூலைகளிலும் 7, 8, 56 என்பதைப் போல எழுதி, ஒரு மூலையை விரலால் மறைத்துக்கொண்டு கேளுங்கள். 56ஐ மறைத்தால் பெருக்கல்; 7ஐ மறைத்தால் வகுத்தல். எந்தத் தளமும் இதைவிட நன்றாகச் செய்வதில்லை.

அதே ஆசிரியர்: தரவரிசைப் பட்டியலை மறைத்துவிட்டு, அவரவர் தம் முந்தைய நேரத்தையே முந்துமாறு ஆடவிட்டால்?

பதில்: அட்டைகளை முடித்த பிறகு என்றால் ஏற்கிறேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டும் விளையாட்டாக இல்லாமல், விடையைத் தானே எழுத வேண்டிய விளையாட்டாகத் தேர்ந்தெடுங்கள். மேலே எழுதிய தந்தையின் கவலையும் அதனால் தீரும்.

கேள்வி (ஒரு தாய்): மகனுக்கு ஒன்பது வயது. ஒரு தளம் பிறந்த ஆண்டைக் கேட்கிறது. ஆண்டை மாற்றிக் கொடுத்தால் உள்ளே விடுகிறது. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. 13 வயதுக்குட்பட்ட குழந்தையின் தகவலைப் பெற்றோரின் ஒப்புதலின்றித் திரட்டக் கூடாது என்று அமெரிக்கா 1998இல் சட்டம் இயற்றியது. பல தளங்கள் வயதைக் கேட்பது அதனால்தான். ஆண்டை மாற்றிக் கொடுத்தால், குழந்தைக்கு அச்சட்டம் தரும் பாதுகாப்பை நீங்களே அவிழ்த்துவிடுகிறீர்கள். உள்ளே போகப் பொய் சொல்லலாம் என்ற பாடமும் சேர்த்துக் கிடைக்கிறது. பயனர் கணக்குத் தொடங்காமலே திறக்கும் தளங்களைப் பாருங்கள். நிரலாக்கம் பழகும் ஸ்கிராட்ச்கூடக் கணக்கில்லாமல் இயங்கும்.

கேள்வி (ஐந்தாம் வகுப்பு ஆசிரியை): செயல்திட்டம் கொடுத்தால் தேடலில் முதலில் வருவதை அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். நம்பகமான தகவலைக் கண்டறிய எப்படிப் பழக்குவது?

பதில்: பொய்யான தளம் ஒன்றையே பாடமாக வையுங்கள். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்து வருவதாகச் சொல்லும் ஆங்கிலத் தளம் ஒன்று 1998 முதல் இருக்கிறது. படங்கள், வாழிட விவரம், பாதுகாப்பு வேண்டுகோள் என எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அத்தனையும் வேடிக்கைக்காக எழுதப்பட்டவை. அதைத் தமிழில் சொல்லிக் காட்டி, அந்த விலங்கு உண்மையா என்று குழுக்களாகக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்கள் அந்தத் தளத்துக்குள்ளேயே சுற்றிவரும். வேறொரு தாவலைத் திறந்து, மற்றவர்கள் இதைப்பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடும் குழுவுக்குச் சில நிமிடங்களில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு தளத்தைச் சோதிக்க அதைவிட்டு வெளியே வர வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. பிறகு செயல்திட்டத்தின் தலைப்பை மாற்றுங்கள்: 'யானை' என்று கொடுத்தால் நகல்தான் வரும், 'யானையின் காது ஏன் அவ்வளவு பெரியது, இரண்டு இடங்களில் படித்து உன் சொற்களில் எழுது' என்று கொடுத்தால் நகலெடுப்பது கடினம்.

கேள்வி (ஒரு ஆசிரியர்): செயற்கை நுண்ணறிவிடம் பயிற்சித்தாள் தயாரிக்கச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். ஒவ்வொரு விடையையும் நீங்களே போட்டுப் பார்த்த பிறகு அச்சிடுங்கள். பிள்ளைகளின் பெயரையோ மதிப்பெண்ணையோ அதில் உள்ளிடாதீர்கள். இந்த எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்கே சலிப்பாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்வேன்.

கேள்வி (நான்காம் வகுப்பு ஆசிரியை): நிலவின் பிறைகளை விளக்க நல்ல காணொலி உண்டா?

பதில்: காணொலியைவிட ஸ்டெல்லேரியம் என்ற இலவச வானக்காட்சி மென்பொருள் மேல். மாலையில் ஒரே நேரத்தை வைத்துக்கொண்டு தேதியை மட்டும் ஒவ்வொரு நாளாக நகர்த்தினால், பிறை வளர்வதும் நாளுக்கு நாள் கிழக்கே தள்ளிப்போவதும் தெரியும். அதற்கு முன் இரண்டு வாரம் பிள்ளைகள் தாமே நிலவைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். அந்தப் படங்களைச் சரிபார்க்கத்தான் மென்பொருள்.

கேள்வி (ஒரு மாணவர்): ஒன்பதாம் வகுப்பு வேதியியலுக்கு?

பதில்: என் எல்லைக்கு வெளியே. உங்கள் வேதியியல் ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): குழந்தைகளுக்கு மிகச் சிறந்த தளம் எது என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது.

கேள்வி (ஒரு ஆசிரியை): முன்பு பயன்படுத்திய பல விளையாட்டுகள் இப்போது வெற்றுத் திரையாக நிற்கின்றன. கணினியில் கோளாறா?

பதில்: இல்லை. அவை ஃபிளாஷ் என்ற பழைய உலாவி மென்பொருளில் இயங்குமாறு செய்யப்பட்டவையாக இருக்கும். அதற்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டது. அதைத் திரும்ப நிறுவித் தருவதாகச் சொல்லும் எதையும் பதிவிறக்காதீர்கள்.

கேள்வி (ஓராசிரியர் பள்ளியிலிருந்து): எங்களுக்கு இணைய இணைப்பே நிலையாக இல்லை, இரண்டு பழைய கணினிகள் மட்டும் உள்ளன. இங்கே சொன்னவற்றில் எங்களுக்குப் பயன்படுவது எது?

பதில்: பெரும்பாலானவை பயன்படும். ஃபெட்டின் பல செயல்பாடுகளைத் தனித்தனிக் கோப்புகளாக இறக்கிக்கொண்டால் இணைப்பின்றியே உலாவியில் திறக்கலாம். விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்துப் படிக்கக் கிவிக்ஸ் என்ற மென்பொருள் உதவும். ஜிகாம்ப்ரிஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் இரண்டு முதல் பத்து வயதினருக்கான நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள் உள்ளன, விளம்பரமில்லை, பதிவுமில்லை. கோலிப்ரி என்ற மென்பொருளை ஒரு கணினியில் நிறுவினால், அதிலுள்ள பாடங்களை அதே உள்வலையில் (பள்ளிக்குள்ளேயே கருவிகளை இணைக்கும் வலையில்) இணைந்த மற்றக் கருவிகளிலும் பார்க்கலாம். இணைப்புள்ள ஓரிடத்தில் இவற்றையெல்லாம் விரலியில் (பென் டிரைவில்) இறக்கிவந்து, ஒரு கணினியில் முதலில் நிறுவி ஓட்டிப் பாருங்கள். பழைய கணினியில் நினைவகம் குறைவாக இருந்தால் கோலிப்ரியை விட்டுவிட்டு ஜிகாம்ப்ரிஸிலிருந்து தொடங்குங்கள்.